பட்டாளக்காரன் உயிரோடு இருக்கட்டும்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
நவம்பர் 9

அன்புள்ள அத்தானுக்கு,

ஷிஜா எழுதுவது. நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி மழை வந்தால் வருகிறது, வெயில் வந்தால் போகிறது. அதைச் சுகக்கேடு என்று எழுதினால் அவர்களுக்கே கோபம் வரும். நீங்கள் இருக்கிற உயரத்தில் காற்று குறைவு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து நானும் இங்கே கொஞ்சம் குறைவாகத்தான் மூச்சு விடுகிறேன். சிரிக்காதீர்கள்.

மேலே காவல் போஸ்டில் இருக்கும்வரை போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனபோது, இது என்ன எங்கள் அம்மா காலத்து வழக்கம் என்று நினைத்தேன். இப்போது அதுவும் நல்லதற்குத்தான் என்று படுகிறது. இன்று எழுத வந்த விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன் என்பதுதான் உங்களுக்குத் தெரிந்தது. போனில் பார்க்கிற குட்டித் தொடர்கள், ஒரு பகுதி ஒன்றரை நிமிஷம். அனில் மலையாளத்தில் எழுதுவான், நான் தமிழாக்குவேன். அனில் என்னைவிட இரண்டு வயது சின்னவன், சேச்சி சேச்சி என்று பின்னாலேயே சுற்றுவான். நான் தமிழாக்கும்போது வசனம் மாறிவிடுகிறது என்றும், மாறியதுதான் நன்றாக இருக்கிறது என்றும் மீரா மேடம் கண்டுபிடித்துவிட்டார்கள். மேடம் கரமனை அக்ரஹாரத்துக்காரர், கம்பெனி அவர்களுடையது. ஆவணி மாதத்திலிருந்து நான் எழுதுகிறேன். ஆணுடைய வசனம் அனில், பெண்ணுடைய வசனம் நான்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஆபீஸ் என்பது ஒரு வாடகை பிளாட். ஹாலில் மேஜை நாற்காலியெல்லாம் சுவரோரம் தள்ளி, நடுவில் தரையை வெறுமனே விட்டிருக்கிறார்கள். பெரிய பெரிய சதுர டைல்ஸ். ஒரு பகுதியை எழுதி முடித்ததும் எழுதினவர்களே அதில் நின்று வாசிக்க வேண்டும். பெண் சமையலறை வாசலில், ஆண் வெளிக்கதவில். அடுத்த பகுதியில் ஒரு டைல் நெருங்கலாம். அதற்கடுத்ததில் இன்னொன்று. வசனம் அந்த நெருக்கத்தைத் தாங்கவில்லை என்றால் ஒரு டைல் பின்னால் போய்த் திரும்ப எழுத வேண்டும். கை நீட்டினா படணும், ஆனா நீட்டப்படாது, கேட்டயோ என்பது மீரா மேடத்தின் வேதவாக்கு. தொட்டுவிட்டால் ஜனங்கள் போனை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்களாம்.

இப்போது ஓடுகிற தொடரில் வனஜா என்று ஒருத்தி. புருஷன் தூரத்தில். வாடகை வீட்டுச் சொந்தக்காரரின் தம்பி தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்க வருகிறான், மோட்டார் சரியான பிறகும் வருகிறான். முதலில் புருஷனை வளைகுடாவில் வைத்திருந்தோம். அது எல்லாரும் எழுதிச் சலித்தது, வேறே சொல்லு என்று மேடம் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பட்டாளக்காரன் என்று சொல்லிவிட்டேன். மலைமேல் போஸ்ட், போன் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். எனக்கு அதுதானே தெரியும்.

கீழே பேஸ் கேம்பில் பையன்கள் இந்த மாதிரி வீடியோவெல்லாம் டவுன்லோட் செய்து வைத்திருப்பார்கள் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். யாராவது உங்களிடம் காட்டும் முன்பு என் கையெழுத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வனஜா நான் அல்ல. வனஜா வீட்டில் மாமியார்கூடக் கிடையாது.

எலுமிச்சங்காய் ஊறுகாய் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உறைந்துபோனால் சட்டைக்குள் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்
ஷிஜா


ஆரியசாலை,
நவம்பர் 24

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் அக்டோபர் கடிதம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. மடிப்பெல்லாம் ஈரம் பட்டுக் காய்ந்திருந்தது. அத்தைக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். கால் விரல் மரத்துப்போகிறது என்று நீங்கள் எழுதியிருந்த வரியை மட்டும் மூன்று முறையும் தாண்டிவிட்டேன். இனி அந்த மாதிரிச் செய்திகளைத் தனித்தாளில் எழுதுங்கள்.

அத்தான், எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கென்று சொன்னால் இதுக்குப் போயா என்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

வனஜாவும் அந்த ஆளும் நெருங்கி நெருங்கிக் கிட்டத்தட்ட ஹாலின் நடுவுக்கு வந்துவிட்டார்கள். தொடரை முடிக்க வேண்டும். திங்கட்கிழமை மீரா மேடம் டீயை ஆற்றிக்கொண்டே, அந்தப் பட்டாளத்தானை எடுத்துடலாம், அவன் போயிட்டான்னா அப்பறம் யாருக்கு என்ன கேடு என்றார்கள். புருஷன் செத்துவிட்டால் வனஜா விதவை. விதவை ஒருவனைப் பார்த்தால் இந்தக் காலத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், கைகூடத் தட்டுவார்கள். பாவம் இல்லாமல் முடிந்துவிடும். இதைச் சொல்லிவிட்டு மேடம் டீயைக் குடித்தார்கள்.

அனில் அதற்குள் எழுதியே வைத்திருந்தான். ஏர்போர்ட்டில் பெட்டி வருகிறது, கொடி போர்த்தியிருக்கிறது, வனஜா அழாமல் நிற்கிறாள். நல்ல காட்சிதான், குறை சொல்ல முடியாது. அதை நான் தமிழில் எழுதித் தரவேண்டும். பேனாவை எடுத்து, மலையில் பனி சரிந்தது என்பதுவரை எழுதினேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. அந்த ஆளுக்குப் பெயர் வேறு, ஊர் வேறு, ரெஜிமெண்ட் வேறு. இருந்தாலும் மலைமேல் ஒரு போஸ்ட், அங்கே ஒருவன், கீழே அவனுக்காக எழுதுகிற ஒருத்தி. நான் சாகடிக்கிறேன் என்று எழுதினால் அது எங்கே போய்ப் படும் என்று யாருக்குத் தெரியும். தாளைக் கிழித்தேன். கிழித்ததைக் குப்பையில் போடவும் பயமாக இருந்தது. பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டுவிட்டுக் குளித்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பழவங்காடியில் இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அங்கே கோயில் காரியம் பார்ப்பது உங்கள் பட்டாளத்துக்காரர்கள்தானே. முடியை ஒட்ட வெட்டிய ஒருவர் நின்றிருந்தார். தமிழில் ஏதோ கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

ஆபீஸில் போய், பட்டாளக்காரன் உயிரோடு இருக்கட்டும் என்று சொன்னேன். அப்படியென்றால் அவனைக் குடிகாரன் ஆக்கு, அடிக்கிறவன் ஆக்கு, அவளுக்கு ஒரு நியாயம் வேண்டாமா என்றார்கள் மேடம். அதுவும் முடியாது என்றேன். லீவில் வரும்போது அவன் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பான் என்று நான் முன்பே எழுதியாகிவிட்டது, அது உங்களைப் பார்த்து எழுதியது. மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்கள். நல்லவன், உயிரோட வேறே இருக்கான், அவனை வச்சுண்டு இவ இன்னொருத்தன்கிட்டப் போறா, பாக்கறவா காறித் துப்புவா, துப்பாம இருக்க ஒன்னால எழுத முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. உங்களைக் கொல்ல மனம் வரவில்லை. உங்களைக் கெட்டவனாக்கவும் மனம் வரவில்லை. மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான், அவளைக் கெட்டவளாக்க ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் புருஷன் மேல் உள்ள பிரியத்தால் செய்தது என்று நம்புவார்களா. நீங்கள் நம்புவீர்களா.

அனிலுக்கு என் பயம் புரியவில்லை. சேச்சி, வெறும் கதையல்லே என்கிறான். அவனுக்கு மலைமேல் யாரும் இல்லை.

பனி பெய்யும்போது வெளியே வராதீர்கள். டியூட்டி என்றால் வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள்
ஷிஜா


ஆரியசாலை,
டிசம்பர் 15

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வானிலை சரியில்லாததால் ஹெலிகாப்டர் மேலே போகாது, தபாலும் வராது என்று பாங்கோடு பட்டாளக் கேம்பில் விசாரித்ததில் சொன்னார்கள். அதை நம்பிக்கொண்டு இருக்கிறேன்.

போன வாரம் டி.வி.யில் பனிச்சரிவு என்று கீழே எழுத்து ஓடியது. எந்த இடம் என்று போடவில்லை, பெயரும் இல்லை. அத்தை பார்க்கும் முன் வேறு சேனல் மாற்றிவிட்டு, அரிசியைக் களைந்து களைந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மறுநாள் பெயர்கள் வந்தன. உங்கள் பெயர் இல்லை. பெயர் இல்லை என்று தெரிந்ததும் பசித்தது, உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பெயர்களுக்கும் ஒவ்வொரு வீடு இருக்கும் என்பது கை கழுவும்போதுதான் தோன்றியது. நான் எழுதி முடிக்காமல் கிழித்த அந்தக் காட்சி வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது போல இருந்தது. இப்படியெல்லாம் நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று பகலில் தெரிகிறது.

வனஜாவின் கடைசிப் பகுதியை எழுதிக் கொடுத்துவிட்டேன். எப்படி எழுதினேன் என்றால், அத்தனை பகுதிகளிலும் அவள் அந்த ஆளிடம் ஒருமுறைகூட சாப்பிட்டீங்களா என்று கேட்டதில்லை. அதைப் புருஷனிடம் மட்டும்தான் கேட்பாள். கடைசியில் அவன் போகத் திரும்புகிறான், அவள் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். அவ்வளவுதான். தொடவில்லை, கதவைச் சாத்தவில்லை. மீரா மேடம் படித்துவிட்டு, தொட வேண்டாம், இதுக்கு மேல என்ன இருக்கு என்று தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார்கள்.

வழக்கம்போல நின்று வாசித்தோம். இரண்டு பேருக்கும் நடுவில் டைல் எதுவும் மிச்சமில்லை. நான் என் வரியைச் சொன்னேன். அதற்குப் பதிலாக அனில், இல்ல வனஜா என்று சொல்ல வேண்டும். இல்ல ஷிஜா என்றான். சேச்சியும் இல்லை, வனஜாவும் இல்லை. மேடம் கவனித்தார்களா என்று தெரியவில்லை, இன்னொரு தடவை என்றார்கள். இரண்டாவது தடவை வனஜா என்று சரியாகச் சொன்னான். முதல் தடவை சொன்னது தவறா, இரண்டாவது தடவை சொன்னது தவறா என்று எனக்கு விளங்கவில்லை. வாய் தவறி வந்திருக்கும். வாய் தவறியதைத் திருத்த வேண்டியவள் நான்தான். திருத்தவில்லை. பின்னால் நகரவும் இல்லை. அன்றிலிருந்து அவன் சேச்சி என்று கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. என்னைக் கூப்பிடாமலே பேசுகிறான்.

தொடர் வெளியானதும் யாரும் துப்பவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். வீடியோவுக்குக் கீழே பெண்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நானாயிருந்தாலும் கேட்டிருப்பேன் என்று எத்தனை பேர். எங்கே இருக்கிறார்கள் இவர்களெல்லாம், யார் வீட்டில் யாருக்குச் சோறு போட்டுக்கொண்டு இதை எழுதுகிறார்கள். மேடம் அதைப் படிக்கச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

துப்பியது அத்தை மட்டும்தான். அது நான் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு தங்கபாய் அக்காவின் போனில் பார்த்துவிட்டு வந்து, கட்டுனவன் பனியில வெறச்சுக் கெடக்கான், இவளுக்கு அடுத்தவன் தின்னானா இல்லையான்னு கவல, இப்பிடிப்பட்டவ மொகத்துல வந்து முழிக்கதுக்கு அவன் அங்கனயே கெடந்து சாவலாம் என்றார்கள். அத்தான், பெற்ற வாயால் சொன்னார்கள். யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னார்கள். நான் கையில் இருந்த குழம்புக் கரண்டியோடு போய், அப்படிச் சொல்லாதீங்க அத்தை, அவன் சாவ வேண்டாம், அவ செத்தாச் சாவட்டும்னு சொல்லுங்க என்று கெஞ்சினேன். கதைக்குப் போயி இந்தப் பாடா என்று அவர்கள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். நான் விடவில்லை. கடைசியில் என் தொல்லை தாங்காமல், சரி அவ சாவட்டும், அவன் நல்லாருக்கட்டும் என்று சொன்னார்கள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உப்பும் மிளகாயும் எடுத்து உங்கள் போட்டோவுக்குச் சுற்றிப் போட்டேன்.

இனி முக்கியமான விஷயம். அடுத்த தொடர் போனக்காடு மலையில். மேலே தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழைய பங்களாவைப் பேசி வைத்திருக்கிறார்கள். ஷூட்டிங்குக்கு முன்னால் எழுதுகிறவர்கள் அங்கே போய்த் தங்கி, அந்த இடத்திலேயே நின்று எழுத வேண்டுமாம். மீரா மேடம், நான், அனில் என்றுதான் முதலில் பேச்சு. இப்போது மேடத்தின் அக்கா பேரனுக்குப் பூணூல் வந்துவிட்டது. நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போங்கோ, நான் பின்னாலேயே வந்துடறேன் என்கிறார்கள். அங்கே போன் எடுக்காதாம். பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பொழுது சாய்ந்ததும் கீழே தொழிலாளர் லயத்துக்கு இறங்கிவிடுவார்களாம். இதையெல்லாம் அனில்தான் சொன்னான், என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அத்தையிடம் வேலை விஷயமாக வெளியூர் என்று மட்டும் சொன்னேன். போய்ட்டு வா, எனக்கென்ன, கஞ்சி வச்சுக் குடிச்சுக்கிடுவேன் என்கிறார்கள். மேடத்திடம் நான் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பை மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். துடைக்கத்தானே வேண்டும், தூசியாக இருந்தது.

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. உங்களுக்குத் தெரியாதா என் வாயை. ஆனால் நானாகப் போகாமல் இருந்துவிட்டால், ஏன் போகவில்லை, எதைக் கண்டு பயந்தாய் என்று என்னையே கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் புருஷன் வேண்டாம் என்றார், அதனால் போகவில்லை என்று இருந்தால் எல்லாம் சுலபம். அனிலிடமும் அதைச் சொல்லிவிடலாம்.

அதனால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். போகாதே என்று. காரணம் எதுவும் வேண்டாம். கோபமாக எழுதினாலும் சரி, கேவலமாகத் திட்டி எழுதினாலும் சரி, உங்கள் கையெழுத்தில் இருந்தால் போதும்.

வண்டி வருகிற வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர எப்படியும் இரண்டு மூன்று வாரம் ஆகும், உங்கள் பதில் என்னிடம் வர அதே அளவு ஆகும். அதைத் தெரியாமல் நான் கேட்கவில்லை. தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

நீங்கள் உயிரோடு இறங்கி வந்து, என் எதிரில் நின்று என்னைத் திட்ட வேண்டும். அதற்கு மேல் எதையும் நான் சாமியிடம் கேட்கவில்லை.

என்றும் உங்கள்
ஷிஜா